கையெழுத்துக்கு முன்னும் பின்னும்: பெர்லினில் புதிதாக வருவோரின் வாடகை வீட்டுச் சிக்கல்

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் ஏறத்தாழ ஆறு குடும்பங்களில் ஐந்து குடும்பங்கள் வாடகை வீட்டில் வாழ்கின்றன. சொந்த வீடு இல்லாமை அங்கே வறுமையின் அடையாளமாகக் கருதப்படுவதில்லை. மருத்துவரும் பேராசிரியரும் அரசு அலுவலரும் ஒரே வாடகை வீட்டில் முப்பது நாற்பது ஆண்டுகள் குடியிருந்து, அங்கேயே பிள்ளைகளை வளர்த்து, முதுமை எய்துவது இயல்பான வாழ்க்கை முறையாக உள்ளது. வாடகைதாரர்களே பெரும்பான்மையாக உள்ள நகரம் என்பதால் வாடகைதாரர் நலன் அங்கே தேர்தல் அரசியலின் மையப்பொருளாகவும், நீதிமன்றங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் செதுக்கிவந்த சட்டத்துறையாகவும் வளர்ந்திருக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்து இறங்கும் ஒருவருக்கு, வேலையும் வருமானமும் இருந்தாலும், வீடு கிடைப்பது மிகக் கடினமான நகரங்களுள் ஒன்றாகவும் அதே பெர்லின் பேசப்படுகிறது. இவ்விரு நிலைகளும் முரண்பட்டவை போலத் தோன்றினும் ஒன்றிலிருந்து ஒன்று விளைபவை என்பதே இக்கட்டுரையின் வாதம்: வாடகைதாரரைக் காக்கும் விதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்தான கணத்திலிருந்து தொடங்குகின்றன, புதிதாக வருபவர் எதிர்கொள்ளும் தடைகளோ பெரும்பாலும் அந்தக் கணத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

குடியேறியோரால் வளர்ந்த நகரம்

1871இல் ஜெர்மன் பேரரசின் தலைநகரானபோது பெர்லினின் மக்கள்தொகை எட்டேகால் லட்சம். 1905இல் அது இருபது லட்சத்தைத் தொட்டது. சிலேசியா, பொமரேனியா, கிழக்குப் பிரஷ்யா முதலிய கிழக்கு மாகாணங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களாலேயே இப்பெருக்கம் நிகழ்ந்தது. ஜேம்ஸ் ஹோப்ரெஹ்ட் 1862இல் வகுத்த தெருத்திட்டம் அகன்ற சாலைகளையும் அவற்றுக்கிடையே ஆழமான மனைத்தொகுதிகளையும் ஏற்படுத்தியது. மனை உரிமையாளர்கள் தெருவை நோக்கிய முன்கட்டுக்குப் பின்னே ஒன்றன்பின் ஒன்றாகப் பின்கட்டுகளை அடுக்கி, இடையில் முற்றம் என்ற பெயரில் சிறு இடைவெளிகளை மட்டும் விட்டனர். 1853ஆம் ஆண்டின் கட்டட விதி, முற்றத்தின் ஒவ்வொரு பக்கமும் 5.34 மீட்டர் இருந்தால் போதும் என்றது. தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு வேண்டிய இடம் அவ்வளவே. வெடிங் பகுதியில் 1874இல் எழுந்த மையர்ஸ் ஹோஃப் என்னும் கட்டடம் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு முற்றங்களைக் கொண்டிருந்தது. அதன் நெருக்கமான காலத்தில் இரண்டாயிரம் பேர் வரை அங்கே வசித்தனர்.

அன்றைய புதுவரவினருக்கு வீடு கிடைக்கவில்லை, படுக்கை கிடைத்தது. வாடகை கட்ட முடியாத தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் ஒற்றை அறையில் ஒரு படுக்கையை, சில வேளைகளில் பகல் நேரத்துக்கு மட்டும், இரவுப்பணி செய்வோருக்கு வாடகைக்கு விட்டன. இப்படித் தங்கியவர்கள் 'ஷ்லாஃப்கெங்கர்', அதாவது உறங்க மட்டும் வந்துபோவோர், எனப்பட்டனர். புதிதாகக் கட்டிய வீடுகளின் சுண்ணச் சாந்து உலரும்வரை குறைந்த வாடகையில் அவற்றில் குடியிருந்து, சுவர் காய்ந்ததும் வெளியேற்றப்பட்ட ஏழைகளும் இருந்தனர். வாடகைதாரருக்குள்ளேயே இரு அடுக்கு, அதாவது ஒப்பந்தம் உள்ளவர், அவரிடம் அண்டியிருப்பவர் என்ற பிரிவு, அக்காலத்திலேயே உருவாகிவிட்டது.

முதல் உலகப்போரின்போது, 1917இல், வாடகைதாரரை உரிமையாளர் விரும்பியபடி வெளியேற்றுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. வைமார் குடியரசு 1922, 1923ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அதை நிலைப்படுத்தியது. அக்காப்பு யாருக்கு உரியது என்பதை அரசே தீர்மானிக்க முடியும் என்பதன் கொடிய சான்று 1939 ஏப்ரல் 30இல் நாஜி ஆட்சி இயற்றிய சட்டம். அது யூத வாடகைதாரர்களிடமிருந்து குடியிருப்புக் காப்பை நீக்கி, அவர்களைக் குறிப்பிட்ட வீடுகளில் நெருக்கி அடைப்பதற்கு வழிசெய்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிவுபட்ட நகரின் மேற்குப் பகுதியில், 1961இல் துருக்கியுடன் செய்துகொண்ட ஆள்சேர்ப்பு உடன்படிக்கையின்படி வந்த தொழிலாளர்களுக்கு முதலில் கிடைத்தவை நிறுவன விடுதிகள். பின்னர் கிரோய்ட்ஸ்பெர்க் போன்ற பகுதிகளில் இடிப்பதற்காகக் காத்திருந்த பழைய வீடுகள். வேறிடத்தில் வீடு தர மறுத்ததால் ஒரே பகுதியில் திரண்டவர்களை, திரண்டதற்காகவே குறை கூறி, 1975இல் மேற்கு பெர்லின் நிர்வாகம் கிரோய்ட்ஸ்பெர்க், டியர்கார்ட்டன், வெடிங் ஆகிய மூன்று வட்டாரங்களில் வெளிநாட்டவர் புதிதாகக் குடியேறத் தடை விதித்தது. அத்தடை அவர்களது கடவுச்சீட்டிலேயே முத்திரையாகப் பதிக்கப்பட்டது.

ஈழத் தமிழர்களின் புலம்பெயர்வு வரலாற்றிலும் பெர்லினுக்குத் தனி இடமுண்டு. 1983க்குப் பின் அவர்களுள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கோரினர். கிழக்கு, மேற்குப் பகுதிகளுக்கு இடைப்பட்ட கோட்டை நாட்டெல்லையாக மேற்குத் தரப்பு ஏற்காததால் அங்கே அதன் கடவுச்சீட்டுச் சோதனை இருக்கவில்லை. 1985இல் கிழக்கு ஜெர்மனி அவ்வழியை விசா இல்லாத தமிழர்களுக்கு அடைத்தது. வந்து சேர்ந்தவர்களோ விரும்பிய இடத்தில் வீடு தேடும் உரிமையின்றி, கூட்டு விடுதிகளில் தங்கவைக்கப்பட்டு, பல மாநிலங்களுக்கும் பிரித்தனுப்பப்பட்டனர்.

சட்டத்தின் காவலும் அதன் மறுபக்கமும்

இன்றைய வாடகைச் சட்டத்தின் அடித்தளம், 1900இல் நடைமுறைக்கு வந்து பலமுறை திருத்தப்பட்ட ஜெர்மன் உரிமையியல் சட்டத் தொகுப்பாகும். அதன்படி வீட்டு வாடகை ஒப்பந்தம் பொதுவாகக் காலவரையற்றது; சொந்தப் பயன்பாடு, இடித்துக் கட்டுதல் போன்ற சட்டம் ஏற்கும் காரணம் எழுத்தில் தரப்பட்டாலன்றி அதற்குக் கெடு வைக்க முடியாது. வாடகைதாரர் மூன்று மாத முன்னறிவிப்பில் காரணம் கூறாமலே வெளியேறலாம். உரிமையாளரோ நியாயமான காரணத்தைக் காட்ட வேண்டும். அவர் தர வேண்டிய முன்னறிவிப்புக் காலமும் தொடக்கத்தில் மூன்று மாதம், ஐந்தாண்டு குடியிருப்புக்குப் பின் ஆறு மாதம், எட்டாண்டுக்குப் பின் ஒன்பது மாதம் என நீள்கிறது. வீடு விற்கப்பட்டாலும் வாடகை ஒப்பந்தம் முறிவதில்லை. புதிய உரிமையாளர் பழைய வாடகைதாரரோடு சேர்த்தே வீட்டை வாங்குகிறார்.

வாடகை உயர்வுக்கும் வரம்பு உண்டு. நகரின் பகுதி, வீட்டின் பரப்பு, கட்டிய ஆண்டு, வசதிகள் ஆகியவற்றின் அடிப்படையில் அவ்வட்டாரத்தில் நிலவும் வாடகையைப் பட்டியலிடும் 'மீட்ஷ்பீகல்' என்னும் வாடகை அட்டவணையை நகரம் வெளியிடுகிறது. குடியிருப்பவரின் வாடகையை அந்த அட்டவணை அளவுக்கு மேல் பொதுவாக உயர்த்த முடியாது. பெர்லின் போன்ற நெருக்கடி நகரங்களில் மூன்றாண்டில் 15 விழுக்காட்டுக்கு மேலும் உயர்த்தக் கூடாது. 2023ஆம் ஆண்டின் பெர்லின் அட்டவணையில் சராசரி வாடகை சதுர மீட்டருக்கு 7.16 யூரோ, அதே காலத்தில் காலியாகி விளம்பரத்துக்கு வந்த வீடுகளின் வாடகை ஏறத்தாழ அதன் இரு மடங்கு.

இந்த இடைவெளியே சிக்கலின் இயந்திரம். பழைய ஒப்பந்தத்தில் நான்கு அறை வீட்டில் இருக்கும் முதிய தம்பதியர், பிள்ளைகள் பிரிந்து போனபின் சிறிய வீட்டுக்கு மாற விரும்பினாலும், அச்சிறு வீட்டின் புதிய வாடகை தங்கள் பெரிய வீட்டின் பழைய வாடகையைவிடக் கூடுதலாக இருப்பதால் மாறுவதில்லை. எனவே காலியாகும் வீடுகள் குறைகின்றன. காலியாகும் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கின்றனர். குடிபுகுந்தவரைப் பின்னர் எளிதில் வெளியேற்ற முடியாது என்பதை அறிந்த உரிமையாளர், தம் கையில் எஞ்சியிருக்கும் ஒரே அதிகாரமாகிய தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை முழுவீச்சில் பயன்படுத்துகிறார். உள்ளே இருப்பவருக்குக் காவலாக நிற்கும் விதியே வெளியே நிற்பவருக்குத் தேர்வைக் கடுமையாக்குகிறது.

தாள்களின் வட்டம்

தேர்வு தாள்களின் வழியே நடைபெறுகிறது. வீடு பார்க்க நாள் குறிக்கப்பட்டால் மாடிப்படி நெடுக வரிசை நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு இருக்கும். அதில் தம்மைப் பற்றிய விவரப் படிவம், அடையாளச் சான்றின் நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டு உரிமையாளர் தந்த 'வாடகை பாக்கி இல்லை' என்னும் சான்று, ஷூஃபா அறிக்கை ஆகியவை எதிர்பார்க்கப்படும். கையில் வரும் சம்பளம் வாடகையைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது எழுதாத நடைமுறை. ஷூஃபா என்பது கடனைத் திருப்பிச் செலுத்தும் ஒருவரது நம்பகத்தன்மையைப் பதிவுசெய்து மதிப்பெண் இடும் தனியார் நிறுவனம். 1927இல் பெர்லினில், மின்சாதனங்களைத் தவணையில் வாங்கியோரின் செலுத்தும் ஒழுங்கைக் கண்காணிக்கும் ஏற்பாட்டிலிருந்து பிறந்தது. ஜெர்மனியில் வங்கிக் கணக்கோ கைபேசி ஒப்பந்தமோ இதுவரை இல்லாதவர் அதன் ஏட்டில் இடம்பெறுவதில்லை. கெட்ட பெயர் எடுத்தவர் அல்லர் அவர். எந்தப் பெயரும் எடுக்காதவர். ஆயினும் நூறு கோப்புகளை விரைந்து தள்ளும் முகவருக்கு இரண்டும் ஒன்றே.

இதனோடு பின்னிப் பிணைந்தது 'அன்மெல்டுங்' என்னும் முகவரிப் பதிவு. ஜெர்மனியில் வீடு புகுந்த எவரும், குடிமகனாயினும் வெளிநாட்டவராயினும், இரண்டு வாரத்துக்குள் குடிமக்கள் அலுவலகத்தில் தம் முகவரியைப் பதிய வேண்டும். 2015 நவம்பர் முதல், இவர் இவ்வீட்டில் குடியேறினார் என்று வீடு தந்தவர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டும் அதற்கு வேண்டும். பதிந்த பின்னரே வரி அடையாள எண் தபாலில் வரும். அவ்வெண் இல்லையேல் நிறுவனம் மிக உயர்ந்த விகிதத்தில் வரி பிடிக்கும். பல வங்கிகளும் பதிவுச் சான்றின்றிக் கணக்குத் திறப்பதில்லை. வீடு பெறச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் வேண்டும், அவை ஒழுங்காக அமைய முகவரி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும் என்று வட்டம் மூடிக்கொள்கிறது.

இவ்வட்டத்தின் நுண்மையை ஒரு பெர்லின் வீட்டு வாசலில் காணலாம். அங்குள்ள அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது; நுழைவாயிலில் அழைப்புமணிப் பலகையும் உள்ளே அஞ்சல் பெட்டி வரிசையும் இருக்க, ஒவ்வொன்றிலும் குடியிருப்பவரின் குடும்பப்பெயர் மட்டும் ஒட்டப்பட்டிருக்கும். தபால்காரர் பெயரைப் பார்த்தே கடிதத்தை இடுவார். பெயர் இல்லாத பெட்டிக்கு வரும் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். ஆகவே மற்றொருவர் வீட்டில் அறை எடுத்தவர், அப்பெட்டியில் தம் பெயர்ச்சீட்டை ஒட்ட முதல் குடித்தனக்காரர் இசையாவிட்டால், தம் கடிதத்தின் மேல் அவரது பெயரையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். அதை அறியாதவரின் வரி எண் கடிதமும் வங்கி அட்டையும் வந்த வழியே திரும்பும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு, குடும்பப்பெயர் என ஒன்று இல்லாமல் வரும் தமிழருக்கு எந்தப் பெயரை ஒட்டுவது என்ற குழப்பமும் இங்கே கூடுகிறது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயராகப் பதிவானது தந்தையின் பெயரென்றால் பெட்டியிலும் அதுவே இருக்க வேண்டும்.

குடும்பத்தோடு வாழ நினைப்பவருக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. மனைவி மக்களை வரவழைக்கப் போதிய வாழிடம் இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது குடியேற்றச் சட்டத்தின் பொதுவிதி. ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 12 சதுர மீட்டர், அதற்குக் குறைந்த வயதினருக்கு 10 சதுர மீட்டர் என்பது நிர்வாக வழிகாட்டல் தரும் அளவு. தொழில்திறன் பெற்றோருக்கு அண்மைத் திருத்தங்களில் இதில் தளர்வு தரப்பட்டிருப்பினும், பிறருக்கு வீட்டுச் சிக்கல் குடும்பப் பிரிவாகவும் நீள்கிறது.

பெயரால் நிகழும் பாகுபாடு

தாள்கள் அனைத்தும் சரியாக இருந்தும் அழைப்பு வராமல் போவது ஆய்வாளர் கவனத்தை நெடுங்காலமாக ஈர்த்த பொருள். பவேரிய வானொலி நிறுவனமும் ஷ்பீகல் இதழும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மன் பெயர்களிலும் வெளிநாட்டுப் பெயர்களிலும் கற்பனை விண்ணப்பதாரர்களை உருவாக்கி, பத்துப் பெருநகரங்களின் வீட்டு விளம்பரங்களுக்கு 20,000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. வேலை, வயது முதலியவை ஒத்திருந்தும் அரபு, துருக்கியப் பெயர் கொண்டவர்களுக்கே அழைப்பு மிகக் குறைவாக வந்தது. ஜெர்மன் பெயருக்கு அழைப்பு வந்த இடங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் அவர்கள் விடுபட்டனர். இத்தகைய சோதனையின் வலிமை, பிற காரணங்களை நீக்கிப் பெயரின் விளைவை மட்டும் தனித்துக் காட்டுவதில் உள்ளது. அதன் எல்லை, அது முதல் கடிதப் போக்குவரத்தை மட்டுமே அளப்பதும், வீடு பார்த்தபின் நிகழும் தேர்வை எட்டாததும் ஆகும்.

இனம் அல்லது பிறப்பின் அடிப்படையில் வீடு மறுப்பதை 2006ஆம் ஆண்டின் பொதுச் சமநடத்தைச் சட்டம் தடைசெய்கிறது. எனினும் அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு, சமூக நிலைத்தன்மையும் சமநிலையும் கொண்ட குடியிருப்பு அமைப்பைப் பேணுவதற்காக வேறுபடுத்தி நடத்தலாம் என்று ஒரு விதிவிலக்கைக் கொண்டுள்ளது; ஒரே பகுதியில் வெளிநாட்டவர் குவிவதைத் தவிர்க்கும் நல்லெண்ணத்தில் எழுந்த அது, 1975ஆம் ஆண்டுத் தடையின் தர்க்கத்தையே வேறு வடிவில் சுமப்பதாக விமர்சகர்கள் கூறுகின்றனர். மேலும் பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் கோரிக்கை எழுப்ப வேண்டும். காரணம் கூறாமல் மறுக்கப்படும் நிலையில் தாம் பாதிக்கப்பட்டதையே அவர் அறிவது அரிது. வெளிப்படையாக எழுதிய உரிமையாளரே சிக்குகிறார்: ஜெர்மானியருக்கு மட்டும் வாடகைக்கு விடப்படும் என்று விளம்பரம் செய்த ஒருவருக்கு எதிராக 2019இல் ஆக்ஸ்பர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்து, வீடு மறுக்கப்பட்ட ஆப்பிரிக்கருக்கு 1,000 யூரோ இழப்பீடு வழங்கச் செய்தது. நாகரிகமாக மௌனம் காக்கும் உரிமையாளர் சட்டத்தின் கைக்கு அகப்படுவதில்லை.

பக்கவாசல்கள்

முன்வாசல் அடைபட்டதால் புதுவரவினர் பெரும்பாலும் பக்கவாசல்கள் வழியே நகருக்குள் நுழைகின்றனர். அவற்றுள் முதன்மையானது 'வேகே' எனச் சுருக்கமாக வழங்கும் கூட்டுக்குடித்தனம். ஒரு வீட்டின் அறைகளைத் தொடர்பற்ற பலர் பகிர்ந்து, சமையலறையையும் குளியலறையையும் பொதுவில் பயன்படுத்துவது. இங்கே தேர்வு செய்வோர் ஏற்கெனவே குடியிருப்பவர்களே. சம்பளச் சீட்டைவிடப் பேச்சு, பழக்கம், உணவு, மொழி ஆகியவை எடைபோடப்படுகின்றன. அடுத்தது உள்வாடகை: முதல் வாடகைதாரர் வெளியூர் செல்லும்போது வீட்டையோ அறையையோ சில மாதங்களுக்கு வேறொருவருக்கு விடுவது. இதற்கு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலின்றி விட்டவர், சிக்கிக்கொள்வோம் என்ற அச்சத்தில், முகவரிப் பதிவுக்கான உறுதிச்சீட்டைத் தர மறுப்பார். அறை கிடைத்தும் முகவரி கிடைக்காத இந்நிலையைப் பயன்படுத்தி, குடியிராத வீட்டின் முகவரியை விற்கும் வணிகமும் முளைத்துள்ளது. அப்படி முகவரி தருவோருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

மூன்றாவது வழி, அறைகலன்களுடன் குறுகிய காலத்துக்கு விடப்படும் வீடு. நிறுவனங்கள் வரவழைக்கும் மென்பொருள் பொறியாளர்கள் பெரும்பாலும் இங்கேயே தொடங்குகின்றனர். பதிவு எளிது, ஷூஃபா கேட்பது குறைவு; வாடகையோ மிக அதிகம். 2015 ஜூன் முதல் பெர்லினில் நடைமுறையில் உள்ள வாடகைத் தடுப்பு விதி, புதிய ஒப்பந்தத்தின் வாடகை வட்டார அளவைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஆனால் 2014 அக்டோபருக்குப் பின் முதன்முறையாக வாடகைக்கு விடப்பட்ட புதிய வீடுகளும், தற்காலிகப் பயன்பாட்டுக்கு விடப்படும் வீடுகளும் அவ்விதிக்கு வெளியே நிற்கின்றன. அறைகலன்களுக்கென்று எவ்வளவு கூடுதலாகக் கேட்கலாம் என்பதும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. புதிதாக வருபவருக்கு எட்டக்கூடிய வீடுகள் எவையோ, அவையே சட்டத்தின் வரம்புக்குள் வராதவை. இரவலர்போல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மூன்று மாதத்துக்கொருமுறை பெட்டியோடு பெயர்வதும், ஒவ்வொரு முறையும் முகவரியை மாற்றிப் பதிவதும் இதன் விளைவு.

மோசடியும் இவ்விடத்திலேயே வேர்கொள்கிறது. நல்ல பகுதியில் அழகிய வீடு, நம்பமுடியாத குறைந்த வாடகை, தாம் வெளிநாட்டில் இருப்பதாகக் கூறும் உரிமையாளர், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்ற உறுதி ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் ஏமாற்று. இன்னும் ஊரை அடையாதவரும், நேரில் வீடு பார்க்க இயலாதவருமே இதன் இலக்கு.

அகதிகளுக்கு இப்பக்கவாசல்களும் குறுகியவை. தஞ்சம் கோரியோர் முதலில் அரசு விடுதிகளில் தங்கியாக வேண்டும். 2015இல், முன்பே மூடப்பட்டிருந்த டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் கொட்டகைகளிலும், 2022இல் உக்ரைன் போருக்குப் பின் முன்னாள் டேகல் விமான நிலையத்திலும் ஆயிரக்கணக்கானோர் தடுப்புகளுக்கிடையே தங்கவைக்கப்பட்டனர். தஞ்சம் ஏற்கப்பட்டு, வெளியேறி வாழும் உரிமை பெற்றபின்பும் வீடு கிடைக்காமல் விடுதியிலேயே ஆண்டுக்கணக்கில் இருப்போர் பலர்.

குடிபுகுந்த பின்

ஒப்பந்தம் கைக்கு வந்தபின் எழுவன பெரும்பாலும் அறிந்துகொண்டால் தீரும் சிக்கல்கள். விளம்பரத்தில் 'கால்ட்மீட்டெ' எனக் காட்டப்படுவது வீட்டுக்கான வெறும் வாடகை; தண்ணீர், குப்பை, படிக்கட்டுச் சுத்தம், பொதுவாக வெப்பமூட்டல் ஆகியவற்றின் முன்செலுத்தலையும் சேர்த்தது 'வார்ம்மீட்டெ'. மின்சாரத்துக்கு வாடகைதாரரே தனி ஒப்பந்தம் செய்ய வேண்டும். ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் உரிமையாளர் கணக்குத் தர வேண்டும். மிச்சம் திரும்பும், பற்றாக்குறை கட்டப்பட வேண்டும். வரவேற்பறையும் அறைக் கணக்கில் சேர்வதால் இரண்டறை வீடு என்பது ஒரே படுக்கையறை கொண்ட வீடே. சமையலறை என்ற பெயரில் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் வெற்றறை மட்டும் இருப்பதும் உண்டு. அடுப்பு, அலமாரி, தொட்டி அனைத்தையும் முந்தைய குடித்தனக்காரர் பெயர்த்துச் சென்றிருப்பார், அல்லது விலை பேசி விட்டுச்செல்வார்.

முன்பணம் மூன்று மாத வெறும் வாடகையை மிஞ்சக் கூடாது. அதை மூன்று சம தவணைகளில் செலுத்தும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. உரிமையாளர் அதைத் தம் சொத்தோடு கலக்காமல் வட்டி வரும்படி தனியே வைக்க வேண்டும். 2015 ஜூன் முதல் தரகரை அமர்த்தியவரே தரகு தர வேண்டும் என்பதால், உரிமையாளர் அமர்த்திய தரகருக்கு வாடகைதாரர் பணம் தர வேண்டியதில்லை. சாவி வாங்கும்போது சுவர்க் கீறல், தரைக் கறை, மீட்டர் எண் ஆகியவற்றைக் குறித்து இருவரும் கையெழுத்திடும் ஒப்படைப்புக் குறிப்பு, வெளியேறும் நாளில் முன்பணத்தைக் காக்கும் ஆவணமாகிறது. வெள்ளையடிக்காத நிலையில் தரப்பட்ட வீட்டை, ஈடு எதுவும் பெறாத வாடகைதாரர் வெள்ளையடித்துத் தர வேண்டியதில்லை என்று 2015 மார்ச்சில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குளிர்காலத்தில் நாள்தோறும் சில நிமிடம் சன்னல்களை அகலத் திறந்து காற்றை மாற்றாவிட்டால் சுவரில் பூஞ்சை படியும் என்பதும், அதற்கு வாடகைதாரரே பொறுப்பாகக்கூடும் என்பதும் வெப்பநாட்டிலிருந்து வருவோர் தாமதமாக அறியும் செய்தி.

இவ்வுரிமைகள் எல்லாம் கேட்டால் கிடைப்பவை. வாடகைத் தடுப்பு விதியை மீறி வாங்கப்படும் வாடகையை வாடகைதாரர் எழுத்தில் சுட்டிக்காட்டினாலன்றி விதி தானாக இயங்காது. 2020 ஏப்ரலுக்குப் பின் செய்த ஒப்பந்தங்களில், குடிபுகுந்து முப்பது மாதத்துக்குள் சுட்டினால் தொடக்கம் முதல் கூடுதலாகக் கட்டியது திரும்பும். ஆனால் அரும்பாடுபட்டு வீடு பெற்ற ஒருவர், மொழியும் தெரியாத நிலையில், உரிமையாளரை எதிர்த்து எழுத அஞ்சுவது வியப்பன்று. 1888இல் தோன்றிய பெர்லின் வாடகைதாரர் சங்கம் போன்ற அமைப்புகள், ஆண்டுச் சந்தா செலுத்தும் உறுப்பினருக்குச் சட்ட ஆலோசனை வழங்குவதன் வாயிலாக இவ்வச்சத்தை ஓரளவு போக்குகின்றன.

தீர்வுகள் குறித்த வாதங்கள்

பொதுவிவாதத்தில் மூன்று நிலைப்பாடுகளைக் காணலாம். முதலாவது, வீடுகள் போதாமையே மூலக்காரணம், எனவே கட்டுவதே தீர்வு என்பது. 2004இல் நகர அரசு தனக்குரிய ஒரு வீட்டு நிறுவனத்தை, அறுபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளோடு, 405 மில்லியன் யூரோவுக்கு முதலீட்டாளர்களிடம் விற்றது. அன்று நகரில் ஏராளமான வீடுகள் காலியாக இருந்தன. பின்னர் மக்கள் பெருகியபோது கட்டுமானம் ஈடுகொடுக்கவில்லை. ஆண்டுக்கு 20,000 வீடு என்னும் இலக்கு அண்மைக்காலத்தில் எட்டப்படவில்லை. முன்னாள் டெம்பல்ஹோஃப் விமானத் திடலின் ஓரங்களில் வீடு கட்டும் திட்டத்தை 2014 மே மாத வாக்கெடுப்பில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் நிராகரித்தனர். திறந்தவெளியைக் காக்க விரும்பிய அவர்களது நோக்கம் மதிக்கத்தக்கதே. ஆயினும் வாக்களித்தவர்கள் ஏற்கெனவே நகரில் குடியிருப்பவர்கள், கட்டப்படவிருந்த வீடுகள் யாருக்குப் பயன்பட்டிருக்குமோ அவர்களுள் வெளிநாட்டவருக்கும் இனி வரவிருப்போருக்கும் அதில் வாக்கு இல்லை.

இரண்டாவது நிலைப்பாடு விலைக்கட்டுப்பாட்டை வலியுறுத்துகிறது. 2020 பிப்ரவரியில் பெர்லின் மாநிலம் வாடகையை உறையவைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. வாடகைச் சட்டம் கூட்டாட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று கூறி 2021 ஏப்ரலில் அரசமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், மூவாயிரத்துக்கு மேல் வீடு வைத்திருக்கும் நிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமையாக்கும் கோரிக்கைக்கு 59 விழுக்காட்டு ஆதரவு கிடைத்தது. அது சட்டப்படி இயலக்கூடியதே என்று 2023இல் வல்லுநர் குழு பெரும்பான்மையாகக் கருத்துரைத்தது. இவ்விரு முயற்சிகளும் வாடகையின் அளவைப் பற்றியவை. வாடகை குறைவாக நிறுத்தப்பட்ட வீட்டுக்கும் விண்ணப்பிப்போர் நூறு பேர் எனில், அவர்களுள் யார் தேர்வாவார் என்ற வினாவுக்கு விலைக்கட்டுப்பாட்டில் விடையில்லை.

மூன்றாவது நிலைப்பாடு அவ்வினாவையே மையமாகக் கொள்கிறது. 2017 முதல் வீட்டுச் சந்தையில் பாகுபாட்டுக்கு எதிராகப் பெர்லினில் செயல்படும் தனி ஆலோசனை மையம், புகார்களைத் தொகுத்து, பாதிக்கப்பட்டோருக்கு வழிகாட்டுகிறது. பெயர் மறைத்து விண்ணப்பங்களைப் பரிசீலித்தல், தகுதியுள்ளோருள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தல், மறுப்புக்கான காரணத்தைப் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்தல், ஷூஃபா அறிக்கைக்கு மாற்றாக வேலை ஒப்பந்தத்தை ஏற்றல் ஆகியவை முன்வைக்கப்படும் யோசனைகள். மாநிலத்துக்குச் சொந்தமான ஆறு பெரிய வீட்டு நிறுவனங்கள் இவற்றை முதலில் மேற்கொள்ளத்தக்க இடத்தில் உள்ளன.

இம்மூன்றுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்றவற்றை விலக்குவது பயன் தராது. கட்டுமானம் வரிசையைக் குறைக்கும். விலைக்கட்டுப்பாடு வரிசையின் முடிவில் கிடைப்பதை எட்டும்படி செய்யும். தேர்வு விதிகளோ வரிசை ஒழுங்காக நகர்வதை உறுதிசெய்யும். இவற்றுள் மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய மூன்றாவதே இதுவரை மிகக் குறைந்த கவனத்தைப் பெற்றிருக்கிறது. குடியிருப்போரின் காப்பைத் தளர்த்தினால் வீடுகள் கைமாறும் வேகம் கூடும், புதிதாக வருவோருக்கு இடம் கிடைக்கும் என்று சொல்வோரும் உளர். அவ்வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது: இன்று கோப்போடு மாடிப்படியில் நிற்பவரே எட்டாண்டு கழித்து ஒன்பது மாத முன்னறிவிப்புக்கு உரியவராவார்; அக்காப்பு தளர்ந்தால் இழப்பு அவருக்கும் சேர்த்தே. எனவே சட்டத்தின் காவலைக் குறைப்பதை விட, அது தொடங்கும் இடத்தைக் கையெழுத்துக்கு முன்னே, விண்ணப்பம் திறக்கப்படும் மேசைக்கு, நகர்த்துவதே புதுவரவினருக்கும் பழைய குடிகளுக்கும் ஒருங்கே பொருந்தும் வழியாகும்.